பாயை விலக்க வேண்டியவர்

சவாயி தீவு, மார்ச் 3, 1997

அன்புத் தம்பி கொலோனேக்கு,

அக்கா எழுதுறேன். நீ நல்லாயிருப்பே, நான் நல்லாயில்லை.

நம்ம கடற்கரை நிலத்துல ஓட்டல்காரன் வேலி போட்டுட்டான். அப்பா சமாதி வேலிக்கு அந்தப் பக்கம். கேட்டா குத்தகைப் பத்திரத்தைக் காட்டுறான். போதகர் மகள் படிச்சுச் சொன்னா: 'நிலத்தின் உரிமையாளர் கொலோனே'ன்னு இங்கிலீஷ்ல இருக்காம். மொழிபெயர்த்ததும் நீதானாம். அடப்பாவி! எல்லாருக்கும் சேர்த்து நிலத்தைப் பார்த்துக்கோன்னுதானே குடும்பம் கூடி உனக்கு மாதாய்ங்கிற குடும்பத் தலைவர் பட்டம் கொடுத்துச்சு? நீ எப்படா உரிமையாளர் ஆனே? வேலியைப் பிடுங்கச் சொல்லு.

உன் அக்கா,
புவாதினோ


ஆப்பியா, மார்ச் 10

அன்பு அக்காவுக்கு,

கோபம் உடம்புக்கு ஆகாது. மாதாய் என்பதற்கு இங்கிலீஷில் சொல்லே கிடையாது. இத்தனை வருஷமாகக் கோர்ட்டில் மொழிபெயர்க்கிறேன், எனக்குத் தெரியாதா? குடும்பம், கூட்டம், சம்மதம் என்றெல்லாம் எழுதினால் வெள்ளைக்காரன் ஓடிவிடுவான். அதனால் சுருக்கமாக எழுதினேன். அப்பா எலும்புகளை எடுத்துச் சலவைக்கல் சமாதிக்கு மாற்றித் தருகிறார்களாம். நீ சேப்பங்கிழங்குத் தோட்டத்தைப் பார், இதை என்னிடம் விடு.

அன்புடன்,
கொலோனே


சவாயி, மார்ச் 24

தம்பி,

உன்கிட்ட விட்டதுதான் தப்பு. சனிக்கிழமை குடும்பம் முழுக்கக் கூடுச்சு. மூத்த அக்கா என் பேச்சுக்கு இங்க மறுபேச்சு இல்லை. அதையும்தான் நீ அந்தப் பத்திரத்துல எழுதாம விட்டே. சித்தப்பா லெமுசு, "சின்னப் பையன், மன்னிச்சுடலாமே"ன்னார். "உங்க அண்ணன் எலும்பைத் தோண்டட்டும், அப்புறம் மன்னிக்கலாம்"னேன்.

பட்டத்தைப் பறிச்சாச்சு. கொடுத்தது நாங்க, எடுத்ததும் நாங்க. ஓட்டல்காரனுக்கும் ஆளனுப்பிச் சொல்லிட்டேன்: இனி நீ வெறும் கொலோனே. இப்ப இதை மொழிபெயர்த்துக்கொடு பார்ப்போம். எனக்கு ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல தூக்கம் வந்துச்சு.

அக்கா புவாதினோ


ஆப்பியா, ஏப்ரல் 14

அக்கா,

ஓட்டல்காரன் என்மேல் மோசடி வழக்குப் போட்டுவிட்டான். கோர்ட் வேலையும் போயிற்று. ஜெயில்தான் என்கிறார் வக்கீல். குடும்பம் மன்னித்துவிட்டது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் நீதிபதி இரங்குவார்.

வெள்ளிக்கிழமை கப்பலில் வருகிறேன். நம் முறைப்படி மன்னிப்புக் கேட்டு உன் வாசலில் பாயைப் போர்த்திக்கொண்டு உட்காருகிறேன். நீ வந்து பாயை விலக்கினால் எல்லாம் முடிந்தது. காலில் விழுந்து கேட்கிறேன் அக்கா.

உன் தம்பி


சவாயி, ஏப்ரல் 16

கொலோனே,

வா. வேலியை நம்ம ஆளுங்க பிடுங்கிப் போட்டாச்சு, வழி திறந்திருக்கு. நல்ல பாயா எடுத்துட்டு வா, வெயில் கொளுத்துது.

ஆனா என் வாசலுக்கு வராதே. நீ எனக்கா தப்புப் பண்ணினே? நேரா அப்பா சமாதிக்குப் போ, அவர் கால்மாட்டுல போர்த்திக்கிட்டு உட்காரு. யாருக்குத் தப்புப் பண்ணினோமோ அவங்கதான் பாயை விலக்கணும். அது உனக்கும் தெரியும்.

அவர் எழுந்து வந்து விலக்கட்டும். அதுவரைக்கும் குடும்பத்துல ஒருத்தரும் உன்கிட்ட வர மாட்டாங்க. சொல்லிவச்சிருக்கேன்.

புவாதினோ