உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

புருஷன் ரெனிஷ் நொறுக்கிய மானிட்டர் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, வீங்கிய கன்னத்தோடு ஷீஜா சீட்டு எழுதினாள்:

“அத்தான்னு கூப்பிட இன்னைக்கு வாய் வரல. நான் ஜன்னலைத் திறந்து போட்டதால உப்புக்காத்து கம்ப்யூட்டரை அரிச்சிட்டுன்னுதானே என்னைய அடிச்சீங்க, மானிட்டரையும் சுத்தியலால உடைச்சீங்க? கம்ப்யூட்டரை டிவியில மாட்டிப் பார்த்தேன். நேத்து நீங்க போட்ட அப்டேட்டுல திரையில படம் காட்டுற கிராபிக்ஸ் டிரைவர் சாஃப்ட்வேர் கெட்டிருக்கு, அவ்வளவுதான். சேஃப் மோடுல போயி பழைய டிரைவரை ஏத்திட்டேன், இப்ப நல்லா ஓடுது. நீங்க எடிட் பண்ணுன கல்யாண வீடியோ பத்திரமா இருக்கு.

சாளைக் குழம்பு அடுப்புல இருக்கு. நான் நாசரேத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன். சுத்தியல் என் பையிலதான் கெடக்கு. பின்னாலயே வந்தா உங்க மண்டைக்குத்தான்.”

கதவுவரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“ஜன்னலை அகலத் திறந்து வச்சிருக்கேன். அடிக்கணும்னா காத்தை அடிச்சுக்கோங்க.”