பலகைக்குப் போகாத அறிவிப்பு

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, எனக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, தூக்கம்தான் ஒரு வாரமாக இல்லை. அதன் காரணத்தைத் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை, எழுதினால் வரிசையாக வருமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகையின் சாவி ஏழு வருஷமாக என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். நகராட்சி குமாஸ்தா கொண்டுவரும் அறிவிப்பைக் கையெழுத்திட்டு வாங்கி, படித்துப் பார்த்து, உள்ளே குத்தி வைப்பேன். நம் தெரு அவருக்கு 'நாளைக்கு வாங்க' என்றே பெயர் வைத்திருக்கிறது, நானும் சிரித்திருக்கிறேன். போன திங்கட்கிழமை அவர் ஒன்று கொடுத்தார். பதினான்காம் தேதி வியாழக்கிழமை குடிநீர்த் தொட்டியை மருந்து போட்டுக் கழுவுகிறார்கள், அன்று முழுவதும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று. நாட்காட்டியில் பதினான்கு புதன்கிழமை. தப்பான தாளை எப்படி ஒட்டுவது என்று அலுவலகத்துக்கே போனேன். "சார், ஒட்டுங்க, ஜனங்க புரிஞ்சுக்குவாங்க" என்றார் அவர். நான் நகராமல் நிற்கவும், சரி, மேலே கேட்டுச் சொல்கிறேன், நாளைக்கு வாங்க என்றார். செவ்வாய்க்கிழமை போனால் அவர் விடுப்பு. தாளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். தும்முவதற்கு முன்னால்கூட அப்பா தேதி பார்ப்பார் என்று நீ கேலி செய்வாயே, அது சரியாகப் போயிற்று.

புதன்கிழமை காலையிலேயே கழுவிவிட்டார்கள். விஷயம் தெரிந்து நான் வீடு வீடாக ஓடிச் சொல்வதற்குள் மணி ஒன்பது. பக்கத்து வீட்டுத் தையற்காரரின் மகள், போன முறை நீ வந்தபோது உன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடினாளே அந்தச் சுண்டெலி, ஏழு மணிக்கே குழாய்த் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். தொண்டையெல்லாம் புண், நிற்காத வாந்தி, மூன்று நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், கஞ்சிதான் இறங்குகிறது, குரல் இன்னும் வரவில்லை. இதைவிட ஒன்று எழுதவே கை கூசுகிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நம் வீட்டில் இரண்டு குடம் பிடித்து மூடி வைக்கச் சொன்னவன் நான். அம்மா அப்போது கேட்கவில்லை, பிறகு கேட்டாள். "தேதி எதுவானா என்னங்க, ரெண்டு நாளும் குடிக்காதீங்கன்னு பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் தேஞ்சா போகும்?"

அறிவிப்பே வரவில்லை என்று தெருவே கொதிக்கிறது. நாளை மறுநாள் விசாரணை, குமாஸ்தாவுக்கு வேலை போகும் என்கிறார்கள். தையற்காரர் நேற்று வெள்ளைத் தாளோடு வந்து, "ஐயா, உங்க கையெழுத்துதான் முத்து மாதிரி, மனுவை நீங்களே எழுதி முதல் கையெழுத்தும் போடுங்க, அந்த ஆளை விடக் கூடாது" என்றார். நான் தலையாட்டினேன், அம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலை கடைத்தெருவில் குமாஸ்தாவே எதிரே வந்தார். கையெழுத்திட்டு வாங்கிய நோட்டு அவரிடம் பத்திரமாக இருக்கிறதாம். "உங்களைக் கூண்டுல ஏத்த மனசு வரல சார், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு வைத்த பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மனுத்தாளை எடுத்தேன், ஒரு வரியும் ஓடவில்லை. பதினொரு மணிக்குப் பலகையைத் திறந்து அந்தப் பழைய அறிவிப்பையே குத்தினேன். அதன் கீழே, திங்கட்கிழமையே இது என் கைக்கு வந்தது, ஒட்டாதது என் தவறு, குமாஸ்தா மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுத்து முத்து மாதிரி வரவில்லை. பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ஏழெட்டுப் பேர் கூடியிருக்கிறார்கள், தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு முன்னால் நின்று படிக்கிறார். இரண்டாம் தடவை படிக்கிறார் போலிருக்கிறது. இதோ, நம் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். அம்மா கதவைத் திறந்து வைத்திருக்கிறாள், நான்தான் திறக்கச் சொன்னேன்.

நீங்கள் இருவரும் நன்றாக, நிம்மதியாக இருக்க வேண்டும். அங்கே உன் கட்டட வாசலில் எது ஒட்டியிருந்தாலும் அன்றைக்கே பக்கத்து வீட்டில் சொல்லிவிடு, சரிபார்ப்பது அப்புறம் இருக்கட்டும். படியேறும் சத்தம் கேட்கிறது.

உன் அப்பா