மணிக்குப் பக்கத்தில் உங்கள் பெயர்

அண்ணை, கடைக்கு மேலேயுள்ள அறைக்கு வெள்ளையடிக்க இன்று காலை அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினேன். அங்கே வாடகைக்கிருந்த ஆர்ஜென்டீனாக்கார மார்த்தீன் விட்டுப்போனது. அயர்லாந்து அரசாங்கம் அவன் தாய்க்கு முத்திரையோடு கொடுத்த சான்றிதழ்: உன் முன்னோர் எங்கள் மண்ணிலிருந்து கப்பலேறியவர்கள், நீ எங்கள் வழி வந்தவள் என்று.

நீங்கள் அதை முதன்முதல் பார்த்தது, மார்த்தீன் அறை கேட்டு வந்த ஒரு வியாழன் பின்னேரம். பலெர்மோவின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு இத்தாலியக் கிழவியை, நாங்கள் சொல்லும் சிஞ்ஞோராவை, பார்த்துக்கொண்டு அவ வீட்டிலேயே தங்கி உங்களுக்கு வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. உங்கள் பெயரைத் தங்கள் முகவரியில் பதிய அவவின் பிள்ளைகள் விடவில்லை. நாளைக்கு உரிமை கேட்பீர்கள் என்ற பயம். ஆகவே நகரசபைப் பதிவில் என் மேலறைதான் உங்கள் வீடு. பத்து வருடம் பதிவு அறாமல் இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். எட்டு முடிந்திருந்தது.

"இதாலை பாஸ்போட் கிடைக்குமோ?" என்று கேட்டீர்கள்.

"இல்லையாம். தேப்பன் வழியிலை சிசிலியாம், அந்த இத்தாலிப் பாஸ்போட்டுக்குத்தான் இஞ்சை வந்திருக்கிறான். இது சும்மா சுவரிலை கொழுவ."

"சும்மாவோ? மன்னாரிலை என்ரை வீடு இருந்த இடத்திலை இப்ப ஆமிக் காம்ப். இஞ்சை ஒரு அரசாங்கம் கடல் தாண்டிக் கூப்பிட்டு, நீ என்ரை ஆள் எண்டு சொல்லுது. அது காணாதே, தம்பி, போதாதே?" பிறகு சிரித்தீர்கள். "எனக்கும் ஒரு ஐரிஷ் பாட்டனைப் பாத்துத் தாரும். உம்மடை கடையிலை இல்லாத சாமானே?"

நான் வியாபாரி. கிழமையில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும் அறை எனக்கு நட்டம். மார்த்தீன் உங்களைவிடக் கூடுதலாய் வாடகை தந்தான், அறையை அவனுக்குக் கொடுத்தேன். உங்களுக்குக் கடையின் பின்பக்கம் ஒரு கட்டில். "பேப்பரிலை உங்கடை பேர் அப்பிடியே இருக்கும் அண்ணை" என்றேன். கீழே வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்திலிருந்த உங்கள் பெயரின் மேல் அவன் பெயரை ஒட்டினேன். பழையதை உரிக்கப் பஞ்சி, சோம்பல்.

மார்த்தீன் அங்கே வசிப்பது உண்மையா என்று பார்க்க நகரசபைக் காவலன் வந்தான். கையில் பட்டியல். "இன்னொருவரும் இந்த முகவரியில் இருக்கிறாரே, எங்கே?" சின்ன அறைக்கு இரண்டு பெயரென்றால் மார்த்தீனின் பாஸ்போட் அலுவல் குழம்பும், அவன் போய்விடுவான் என்று பட்டது. "அவர் இஞ்சை இல்லை" என்றேன். திரும்பவும் ஒருநாள் வந்து கேட்டான். அதையே சொன்னேன்.

அடுத்த கோடைக்குள் மார்த்தீன் இத்தாலியன். இத்தாலிய மொழியில் ஒழுங்காய்ப் பாண் கேட்டு வாங்கத் தெரியாது. பாட்டனின் தகப்பன் இங்கே பிறந்தது காணும். பாஸ்போட் கிடைத்த மாதமே ஸ்பெயினுக்குப் போனான்.

நீங்கள் பத்தாம் வருடம் விண்ணப்பிக்கப் போய், ஒரு தாளோடு வந்து அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

"என்னைக் காணேல்லையெண்டு பதிவை வெட்டிப்போட்டாங்கள் தம்பி. திரும்ப ஒண்டிலையிருந்து எண்ணட்டாம்."

"உவங்கடை கந்தோர் வேலை தெரியாதே அண்ணை."

"வந்தவன் உம்மட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீர் சொல்லியிருப்பீர்."

ஒருத்திக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன், வாசிக்க நீங்கள் இல்லாத நேரம் பார்த்து.

அதே அறையில் மீண்டும் பதிந்தீர்கள். "இந்தமுறை பெரிசா எழுதுவம், குருடனுக்கும் தெரியட்டும்" என்று மணிக்குப் பக்கத்தில் நீங்களே எழுதி ஒட்டினீர்கள். ஆறாம் வருடம் சிஞ்ஞோராவின் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கையில் விழுந்தீர்கள், எழும்பவில்லை. அந்தக் கிழவி இன்னும் உயிரோடு இருக்கிறா. உங்கள் மரணச் சான்றிதழில் ஒரு சந்தேகமுமில்லாமல் எழுதியிருந்தார்கள்: பலெர்மோவில் வசித்தவர்.

வெள்ளையடித்து முடித்து, பெயரைச் சுரண்டக் கத்தியோடு கீழே போனேன். உங்கள் பெரிய எழுத்துக்குக் கீழே மார்த்தீன். மார்த்தீனுக்குக் கீழே திரும்பவும் நீங்கள். கத்தியை மடித்தேன். அறை பார்க்க வந்த பெடியன் மணியைக் காட்டிக் கேட்டான்: "இது ஆர் அங்கிள்? இஞ்சையே இருக்கிறார்?"

"ஓம், இருக்கிறார்" என்றேன்.

கேட்க வேண்டியவன் கேட்டபோது சொல்லாத பதில். இப்போது ஒன்றுக்கும் உதவாது, அந்த ஐரிஷ் கடதாசி போல, சுவரில் கொழுவலாம். உங்களுக்கு அது காணும் என்றீர்கள். எனக்கு இது காணாது, அண்ணை.