கீழ்வீட்டுக்கு ஆள் வேண்டும்

காரைக்குடி
18.4.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். ஷார்ஜா வெயிலில் நீங்கள் வதங்கிப் போகவில்லையே? போனில் வீட்டுப் பேச்சை எடுத்தாலே நமக்குள் சண்டை வருகிறது. அதனால் இனி இந்த விஷயத்தை எழுதித்தான் தீர்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

கழனிவாசல் வீடு நேற்றுப் பதிவாகிவிட்டது. நீங்கள் அனுப்பிய பவர் பத்திரத்தை வைத்து உங்களுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன். வீட்டை விற்ற தேனம்மை ஆச்சி, வங்கிக் காசோலையை வாங்கிக்கொண்டு சாவியைத் தந்தார். "நல்லா இருப்பீக. மோட்டாரு மட்டும் முரண்டு பிடிக்கும், தட்டிக் குடுத்தா ஓடும்" என்றார்.

உங்கள் திட்டப்படி மாடிவீடு, கீழ்வீடு இரண்டையும் வாடகைக்கு விட்டு, வருகிற பணத்தில் வங்கிக் கடன் தவணை கட்டலாம். நான் செக்காலை வாடகை வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். ஆனால் அதற்கு முன் நாம் இருவரும் சேர்ந்து நின்று பால் காய்ச்ச வேண்டும். எப்போது வருகிறீர்கள்?

அன்பு மனைவி,
சந்திரலேகா


ஷார்ஜா
2.5.2024

அன்புள்ள லேகா,

வீட்டுக்காரன் ஆகிவிட்டேன் என்று அறையில் இருக்கிற எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஏசி மெக்கானிக்குக்கு மாடி வைத்த வீடு. அப்பா இருந்திருந்தால் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லியிருப்பார்.

ஆனால் இது முதலீட்டுக்கு வாங்கிய வீடு. குடிவருகிறவர்களே பால் காய்ச்சிக்கொள்வார்கள். உனக்கு மனசு கேட்காவிட்டால் வீடியோ காலில் வந்து நிற்கிறேன். பூட்டிக் கிடக்கிற ஒவ்வொரு மாதமும் நமக்கு நஷ்டம். நவம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கொண்டால் கடனில் பாதியை அடைத்துவிடலாம்.

அன்புடன்,
உதயகுமார்


காரைக்குடி
20.5.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வீடியோவில் வந்து நின்ற லட்சணத்தை எழுதுகிறேன். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, மாடிவீட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். பால் மேலே ஏறும் நேரத்தில் நீங்கள் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து போனீர்கள். பால் கிழக்குப் பக்கமாக அழகாகப் பொங்கி வழிந்தது. பெட்டியோடு குடிவந்து நின்ற சௌபர்ணிகா மட்டும் கைதட்டினாள். எல்லாம் முடிந்த பிறகு உங்கள் குரல் வருகிறது, "பொங்கிருச்சா?" என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சௌபர்ணிகா இங்கே ஆராய்ச்சி செய்கிற பெண். கூட இரண்டு தோழிகள். முதல் வாடகையைக் கொடுத்துவிட்டார்கள். கீழ்வீட்டில் இந்தக் கூத்து வேண்டாம். நீங்கள் நேரில் வந்து நின்றால்தான் அங்கே அடுப்பு எரியும். அதுவரை பூட்டுத்தான்.

சந்திரலேகா


ஷார்ஜா
15.9.2024

அன்புள்ள லேகா,

கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. கீழ்வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருந்த தரகர் இராமு எனக்கே போன் செய்து அழாத குறையாகப் பேசினார். "அண்ணே, நான் கூட்டியாந்த ஆளுகளையெல்லாம் எத்தனை பேரு, கறி மீன் ஆக்குவீகளா, தண்ணி எம்புட்டு செலவாகும், குறட்டை விடுவீகளான்னு கேட்டுக் கேட்டே அக்கா வெரட்டி விடுறாக. பேங்க்காரரு ஒருத்தரு சும்மா தொண்டையைச் செருமுனாரு, அவரையும் வேண்டாம்னுட்டாக" என்கிறார். தவணையில் குறைகிற பணத்துக்கு நீ விடிய விடிய ஜாக்கெட் தைக்கிறாயாம். அதை நீ எனக்கு எழுதவில்லை.

ஒப்பந்தத்தாள் வந்துவிட்டது. அடுத்த மாத நடுவில் கையெழுத்துக் கேட்கிறார்கள். உனக்கு எப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்? தெளிவாக எழுது.

உதயகுமார்


காரைக்குடி
28.9.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். வருகிறவருக்கு ஏசி வேலை தெரிந்திருக்க வேண்டும். இங்கே பழைய பெரிய வீடுகளையெல்லாம் விடுதியாக்கி அறைக்கு அறை ஏசி மாட்டியிருக்கிறார்கள். பழுதென்றால் திருச்சியிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது. மோட்டாரைத் தட்டிக் கொடுக்கவும் தெரிய வேண்டும். குறட்டை விட்டாலும் பரவாயில்லை.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். மாடி வாடகை வருகிறது, தையல் காசு இருக்கிறது. நாமே கீழ்வீட்டுக்குப் போய்விட்டால் செக்காலை வாடகை மிச்சம். தவணையைக் கட்டிவிடலாம். கடன் அடையக் கூடுதலாகச் சில வருடம் ஆகும், அவ்வளவுதான்.

கடன் மெதுவாகப் போகட்டும் அத்தான். நீங்கள் வந்துவிடுங்கள். எனக்கு உங்களைத் தேடுகிறது.

லேகா


ஷார்ஜா
10.10.2024

மதிப்புக்குரிய வீட்டுக்கார அம்மாவுக்கு,

கழனிவாசலில் கீழ்வீடு காலியாக இருப்பதாகத் தரகர் இராமு சொன்னார். குடிவர விரும்புகிறேன். எல்லோரிடமும் நீங்கள் கேட்கிற கேள்விகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இரண்டு பேர். கறி மீன் ஆக்குவோம். தண்ணீரை அளவாகச் செலவழிப்பேன். குறட்டை உண்டு. தொண்டையையும் செருமுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தாளைக் கையெழுத்துப் போடாமல் இன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டார். ஊரில் பால் காய்ச்ச வேண்டும் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கார்த்திகையில் நல்ல நாளாகப் பார்த்து வையுங்கள். மார்கழி பிறந்துவிட்டால் நீங்கள் அடுப்பைப் பற்ற வைக்க மாட்டீர்கள் என்று தெரியும். இந்த முறை சர்க்கரை டப்பாவில் எதையும் சாய்த்து வைக்க வேண்டாம். பால் பொங்கும்போது பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்வீட்டுக்காரன்
உதயகுமார்