டின்னில் இருந்தது பவுடர் இல்லை

ஜூன் 4

இன்றைய குற்றம்: அப்பாவின் புரதச் சத்துப் பவுடரைக் காலி செய்துவிட்டேன். சாக்லெட் வாசனை அப்படி! பள்ளி விட்டு வந்ததும் ஒரு ஸ்பூன், அம்மா வருவதற்குள் இன்னொரு ஸ்பூன் - ஒரே வாரத்தில் டின் தரைதட்டிவிட்டது. கோகோவையும் அரைத்த சர்க்கரையையும் கலந்து நிரப்பி வைத்தேன். நிறம் அச்சு அசல். மனசாட்சிக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டது.

பவுடர் சித்தப்பாவின் உபயம். "மாத்திரை பாதி, சத்து பாதி அண்ணி" என்று புஜத்தை மடக்கிக் காட்டினார். இரண்டு மாதமாக அம்மா காலை ஆறு மணிக்கு அதைத் தண்ணீரில் கலக்கி, நடுக்க மாத்திரையோடு அப்பாவிடம் நீட்டுகிறாள்.

அப்பா பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவர். க்ரீமில் அவர் போடும் 'ழ'வைப் பார்த்தால் வெட்ட மனம் வராது. (பிறகு வந்துவிடும். அது வேறு.) போன வருடம் டாக்டர், இது பார்க்கின்சன் நோய் என்றார். கை ஆடுகிறது. எழுத்து சிறுத்துச் சிறுத்து எறும்பு வரிசையாகிவிட்டது. இந்த இரண்டு மாதம் ரொம்ப மோசம். நேற்று முதலாளியம்மா, "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்ண்ணே. அப்புறம் மாவு எடை போடுற வேலைக்கு வந்துடுங்க" என்றாராம். அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பும் எறும்பு சைஸ்.

ஜூன் 8

அப்பா தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார். கழுத்துப் பொத்தான் உட்பட!

ஜூன் 10

இன்று எட்டு கேக். ஒன்றைக்கூட அழித்து எழுதவில்லையாம். அம்மா முகத்தில் வெளிச்சம். "பாத்தியாடி, பவுடர் வேலை செய்யுது!"

செய்கிறது. என் வயிற்றில்.

சித்தப்பா போனில் பெருமையை வாங்கிக்கொண்டார். அம்மா இன்னும் இரண்டு பெரிய டின்னுக்குச் சொல்லிவிட்டாள்.

ஜூன் 13

டின்கள் வந்தன. நிஜப் பவுடர். இனி வேளைக்கு இரண்டு கரண்டியாம். நான் தொடவில்லை. நல்ல பிள்ளை.

ஜூன் 15

காலையில் வாசற்படியில் அப்பாவின் கால் நின்றுவிட்டது. நகரவே இல்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தரையில பசை தடவினது நீதானே?"

"சத்தியமா நான் இல்லப்பா."

"உன் சத்தியத்தை நம்பி வீடு கட்ட முடியாதும்மா."

சிரித்தோம். மூன்று நிமிடம் கழித்துத்தான் கால் கிளம்பியது. பேக்கரியில் ஒரு கல்யாண நாள் கேக்கை முதலாளியம்மாவே சுரண்டிவிட்டு எழுதினாராம்.

ஜூன் 16

தூக்கம் வரல. கோகோ குடிச்சப்ப நல்லா இருந்தாரு. நிஜப் பவுடர் வந்ததும் மோசமாயிட்டாரு. அப்போ - பவுடர்தானா? சத்து எப்படிக் கெடுக்கும்? எனக்கென்ன தெரியும், அறிவியல்ல நாப்பத்தொண்ணு.

பேசாம மறுபடி கோகோவை நிரப்பிடலாமா? யாருக்கும் தெரியாது. ஆனா நான் நினைக்கிறது தப்பா இருந்தா? அப்பா என்ன, என்னோட சோதனை எலியா?

சொன்னா அம்மா தோலை உரிப்பா. நாளை மறுநாள் டாக்டர்கிட்ட போறோம்.

ஜூன் 18

டாக்டரம்மா பேனாவைத் திறந்துவிட்டார். "மாத்திரை அளவைக் கூட்டிப் பாப்போமா?"

"இருங்க!" என்று கத்தினேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தேதியோடு. கோகோவோடு.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் எரிகிறது. டாக்டர் மட்டும் பேனாவை மூடினார்.

"மூளையில ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கு ரசாயனத்தைத்தான் தூது அனுப்பும். உடம்பை அசைக்கிற சேதிக்கு முக்கியமான தூது டோபமைன். உங்கப்பாவுக்கு அது குறைஞ்சுபோச்சு. அதையே மாத்திரையா குடுத்தா மூளை உள்ள விடாது. அதனால அதுக்கு மூலப்பொருளைக் குடுக்கிறோம். பாக்கப் புரதத் துணுக்கு மாதிரியே இருக்கும். வாசல்ல விட்டுடுவாங்க. உள்ள போய் டோபமைனா மாறிடும்."

மாறுவேடத்தில் போய் வேலையை முடிக்கிற மாத்திரை! எங்கள் இனம்.

"நிஜப் புரதத்தோட துணுக்குகளும் அதே வாசல்லதான் நிக்கும். ரெண்டையும் ஒண்ணா குடுத்தா, கூட்டத்துல மாத்திரை வெளியவே நின்னுடும். எல்லாருக்கும் இந்தப் பாதிப்பு இவ்வளவு வெளிய தெரியாது. இவருக்குத் தெரியுது."

அளவு மாறவில்லை. மாத்திரை வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். சத்தெல்லாம் சாயங்காலத்துக்கு. "இனிமே வீட்ல எதை மாத்தினாலும் என்கிட்ட சொல்லணும். நீயுந்தான்."

பஸ்ஸில் அம்மா அழுதாள். "நான்தானே ரெண்டு ரெண்டு கரண்டியா போட்டேன்..."

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ ஊட்டினே, அவ திருடினா, நடுவுல நான் ஆடினேன். நல்ல குடும்பம்." அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் அழுகை.

ஜூன் 19

ஆறு மணி. மாத்திரை. தண்ணீர். டின்னுக்குக் காவல் நானே! அம்மா அலமாரிச் சாவியை மட்டும் தரவில்லை.

ஜூன் 23

பொத்தான். கழுத்து வரை.

ஜூன் 30

மாசக் கடைசி. ஜன்னலிலேயே நின்றேன். அப்பா ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்தார். மேசையில் வைத்தார்.

"மாவு எடை போடப் போகச் சொல்லிட்டாங்களா?" என்றாள் அம்மா.

"அதுக்கு வேற ஆளைப் பாத்துட்டாங்க."

பெட்டியைத் திறந்தேன். வெள்ளைக் க்ரீம் மேல், விளிம்பிலிருந்து விளிம்பு வரை, ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் உயரம்: 'பவுடர் திருடிக்கு.' 'டி'யின் சுழியில் மட்டும் ஒரு சின்ன நெளிவு.

வெட்ட மனம் வரவில்லை. பத்து நிமிடம்.