அன்னபேதித் தண்ணீர்

2 பிப்ரவரி 1934, ஆம்பூர்

வெள்ளிக்கிழமை. தோல்ஷாப்புக்கு விடுமுறை. சந்தையில் ஒரு மோடி மஸ்தான் கூட்டம் சேர்த்திருந்தான். தன் மகனையே தரையில் படுக்க வைத்துத் துணியால் மூடினான். கத்தியை உள்ளே விட்டான். நாக்கை அறுத்துவிட்டேன் என்று ஒரு சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டினான். காசு போடாமல் நகர்கிறவன் ரத்தம் கக்குவானாம். முன்னால் நின்ற சின்னப் பெண் ஒருத்தி பயத்தில் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். சுற்றி நின்ற பெரியவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வித்தைக்காரன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு வயிறு. சிரித்தவர்கள்மேல்தான். பயந்த குழந்தையைப் பார்த்துச் சிரிக்க எங்கே கற்றுக்கொள்கிறார்கள்?

நிசார் அஹமது கூட இருந்தான். டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எனக்குச் சீட்டு வித்தை கற்றுக்கொடுத்தவன். என்னிடம் முட்டை வித்தை கற்றுக்கொண்டவன். பள்ளி ஆண்டு விழா மார்ச்சில் வருகிறது, குழந்தைகளுக்கு ஜாலவித்தை நாங்கள் இருவரும் செய்வோம் என்று என்னைக் கேட்காமலே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

"நீ ஊம்னு சொல்லு தோஸ்த். பந்தல எங்க மாமு போட்டுடுவாரு."

மாமு என்றால் மக்பூல் அகமது. நான் தோல் தரம் பிரிக்கும் தோல்ஷாப்பின் முதலாளி.

எங்கள் சேரிப் பிள்ளைகளும் வரவேண்டும் என்றேன். பந்தலுக்கு உள்ளே. கயிற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க அல்ல. நிசார் தலையைச் சொறிந்தான். பிறகு சரி என்றான்.

4 பிப்ரவரி

எதைச் செய்வது, எதை விடுவது என்று சண்டை. நிசாருக்கு முதலில் நெருப்பு வேண்டும்.

"வாய்லேர்ந்து குபுக்குனு ஊதினா பசங்க எழுந்து நின்னுடுவாங்கடா."

"கீத்துப் பந்தல். நீ ஊதினா பசங்க மட்டுமா எழுந்து நிப்பாங்க? உங்க மாமுவும் எழுந்து ஓடுவாரு."

பந்தல் தப்பினாலும், மறுநாள் ஏதாவது ஒரு பிள்ளை வாயில் கிருஷ்ணாயிலை ஊற்றிக்கொள்ளும். ஊசி விழுங்குவதும் அப்படித்தான். இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை நாளைக்கு என்ன செய்யும்? ஒவ்வொரு வித்தையையும் இப்படிக் கேட்டுப் பார்த்தால் பாதி கழன்றுவிடுகிறது. அறுத்த கயிறு ஒட்டுவது நிற்கிறது. கிழித்த காகிதம் மாலையாவது நிற்கிறது. முட்டை நிற்கிறது, உடைந்தால் அடி விழும், அவ்வளவுதான்.

அப்புறம் கடிகாரம். "மாமு கடியாரத்த மறைய வெச்சி, மேடைக்கு வர்ற பையன் ஜேபிலேர்ந்து எடுக்கலாம்" என்றான்.

"எந்தப் பையன்?"

"யாரா இருந்தா இன்னா?"

"எங்க தெருப் பையன் ஜேபில கெடச்சா?"

அதே கடிகாரம், அதே கை. டவுன் பையன் சட்டையிலிருந்து வந்தால் வித்தை. எங்கள் பையன் சட்டையிலிருந்து வந்தால் திருட்டு. அதை விட்டுவிட்டோம்.

9 பிப்ரவரி

தோல் உலர்த்தும் கொட்டகையில் என் வெள்ளிக்கிழமை வகுப்பு. சேரிப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். முட்டையை மறைத்துக் காட்டினேன். கோவிந்தம்மாள் மட்டும் வாயைப் பிளக்கவில்லை. பத்து வயது இருக்கும். அம்மா செல்லம்மாளோடு தோல் ஊறும் குழியடியில் பதனிடும் பட்டை அள்ளுகிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தவள் பொங்கலுக்குள் என் பழைய பாடப் புத்தகத்தை முடித்துவிட்டாள்.

"முட்ட உன்கிட்டதான் கீது அண்ணா."

"எந்தக் கைல?"

"கைல இல்ல. அக்குள்ல. சிரி பாக்கலாம்."

சிரித்தேன். விழுந்து உடைந்தது.

ஜூனில் இவளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். தலைமை ஆசிரியர் "பார்க்கலாம்" என்கிறார். செல்லம்மாளும் "பாக்கலாம்" என்கிறாள். அவர் பார்க்கலாம் என்றால் முடியாது. இவள் பார்க்கலாம் என்றால் பயம். இவளை மேடையில் ஏற்றி ஊர் முழுக்கப் பார்த்துவிட்டால் அப்புறம் அந்த மனிதருக்கு மறுப்பது கஷ்டம். நான் வித்தைக்கு ஒப்புக்கொண்டதே இதற்குத்தான். நிசாரிடம்கூடச் சொல்லவில்லை.

13 பிப்ரவரி

கிடைத்துவிட்டது! நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கினேன். இரும்பிலிருந்து எடுக்கிற பச்சை உப்பு. கொஞ்சமாகக் கரைத்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. அதில் கடுக்காய் ஊறிய தண்ணீரை ஒரு கரண்டி விட்டால் மசி! நல்ல கறுப்பு மசி. எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி வெளுக்கிறது. நெருப்பு இல்லை, கத்தி இல்லை, யாரையும் ஏமாளியாக்குவதும் இல்லை. வெறும் தண்ணீர்தான் என்று காட்ட முதலில் ஒரு பிள்ளையை அதில் கை நனைக்கச் சொல்ல வேண்டும். என் கையை நனைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பிள்ளை கோவிந்தம்மாள்.

20 பிப்ரவரி

நாள் முழுக்கத் தரம் பிரித்தேன். சில தோல்களில் கறுப்புக் கறை. குழியில் ஆணி விழுந்திருக்கிறது. குழியடிக்கு இரும்பு வாளிகூடக் கொண்டுபோகக் கூடாது என்று கத்துகிற மேஸ்திரியே ஆணி அடித்த பலகையைக் குறுக்கே போட்டு நடந்திருக்கிறான். கூலி பிடித்தது குழி ஆட்களிடம்.

3 மார்ச்

எப்படி எழுதுவது.

பள்ளிக்கூடத்தில் ஒத்திகை. டவுன் பிள்ளைகள் முன்னால், எங்கள் பிள்ளைகள் பின்னால். கயிறு நன்றாக வந்தது. காகித மாலைக்குக் கைதட்டு. அப்புறம் கோவிந்தம்மாளைக் கூப்பிட்டேன். தலை வாரி, துவைத்த பாவாடை கட்டி வந்திருந்தாள். "வெறும் தண்ணீர்தானா, கையை விட்டுப் பார்த்து எல்லோருக்கும் சொல்லம்மா" என்றேன்.

விட்டாள். எடுத்தாள்.

இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுப்பு. நகம், ரேகை, விரல் இடுக்கு எல்லாம் கறுப்பு.

எனக்கே புரியவில்லை. மசியாக்கும் தண்ணீரை நான் இன்னும் விடவே இல்லையே? முன் வரிசையில் ஒருவன், "டேய், தோல்ஷாப்பு அழுக்கு ஊறி வெளிய வந்துச்சுடா!" என்றான். அவ்வளவுதான். பள்ளிக்கூடமே சிரித்தது. ஓரமாக நின்ற வாத்தியார் ஒருவர், "இது வித்தை இல்லப்பா, நெசம்" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அவள் அழவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாவாடையில் துடைத்தாள். போகவில்லை. என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தேய்த்தால் வெளுக்கிற எலுமிச்சம்பழம் மேசைமேலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இறங்கி நடந்து போய்விட்டாள். இன்னாடா பண்ணிட்ட நீ? இன்னா பண்ணிட்ட?

சந்தை மோடி மஸ்தான் என்னைவிட மேல்.

4 மார்ச்

தெரிந்துவிட்டது. தெரிந்தபோது கன்னத்தில் அறைந்துகொண்டேன்.

குழியடியில் ஏன் இரும்பு கூடாது? பட்டைச் சாறும் கடுக்காயும் ஊறிய தோலில் இரும்பு பட்டால் கறுக்கும். பட்டை அள்ளுகிறவர்கள் கையும் ஊறிய தோல்தானே? தினமும் அந்தக் கறையைப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன் நான். என் அப்பா கை அதில் ஊறிய கை. என் கையும்தான், தரம் பிரிக்கும் மேசைக்கு வரும்வரை. வந்து சில வருஷத்தில் வெளுத்துவிட்டது. வெளுத்த கையை நனைத்துப் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்று முடிவு கட்டினேன்.

நெருப்பைத் தள்ளினேன், கத்தியைத் தள்ளினேன். யார் கை என்று கேட்க மறந்தேன். கடிகாரத்துக்கு மட்டும் கேட்கத் தெரிந்ததாக்கும்.

5 மார்ச்

எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போனேன். செல்லம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வித்த காட்றேன்னு கூட்டினு போய் எம் பொண்ண காட்டிட்டு வந்துட்டியாப்பா?"

எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"பள்ளிக்கொடம், ஜூன் மாசம், எதுவும் வாணாம். பட்ட அள்றதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க. நீ போ."

உள்ளே கோவிந்தம்மாள் இருக்கிறாள். பழத்தை வாசலில் வைத்துவிட்டு, தேய்த்தால் கறுப்பு போய்விடும் என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

6 மார்ச்

பழம் வாசலிலேயே கிடந்தது.

7 மார்ச்

பழம் இல்லை. ஆடு தின்றிருக்கலாம்.

9 மார்ச்

ஆடு தின்னவில்லை.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு கொட்டகைத் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாள். ஒரு கை வெளுத்திருந்தது. மற்றது இன்னும் கறுப்பு. வேண்டுமென்றே ஒன்றை மட்டும் தேய்த்திருக்கிறாள், பார்ப்பதற்கு.

"அந்தத் தண்ணில இன்னா போட்ட?"

வித்தைக்காரன் சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் சொன்னேன். அன்னபேதி, கடுக்காய், குழியில் விழுந்த ஆணி, என் வெளுத்த கை எல்லாம். மேடைக்குக் கூப்பிடுகிற பிள்ளையிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தெரிந்து ஏறுகிற பிள்ளைதான் கூட்டாளி. தெரியாமல் ஏறினால் பலி.

யோசித்தாள். "அப்ப டவுன் பசங்க கைய வுட்டா?"

"ஒண்ணும் ஆவாது."

"வாத்தியாரு வுட்டா?"

"ஒண்ணும் ஆவாது."

"உனுக்கு?"

"எனக்கும்தான்."

சிரித்துவிட்டாள்! "அப்ப வித்த உனுக்கே வராதா அண்ணா?"

அதே கையால் காகிதத்தில் எழுதிக் காட்ட மறுபடி மேடை ஏற வேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். "அன்னிக்கு நீ கூப்ட்ட, வந்தேன். இப்ப நான் கேக்கறேன், மாட்டேன்ற" என்றாள். சரி என்றேன்.

12 மார்ச்

நிசார் கொதித்தான். "மறுபடியும் அவளயா? ஒரு தடவ ஆன பேஜார் பத்தலியா உனக்கு?" கோவிந்தம்மாளே அவனிடம் பேசினாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. திரும்பி வந்து, "காகிதம் நான் தயார் பண்றேன்" என்றான்.

செல்லம்மாள் இன்னும் சரி சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

14 மார்ச்

காகிதத்தை அன்னபேதித் தண்ணீரில் நனைத்து உலர்த்தினால் வெள்ளையாகவே இருக்கிறது. முதல் நாளே காய வைத்தால் பழுப்பேறுகிறது. அன்றைக்கன்று செய்ய வேண்டும். அவள் விரலில் இருக்கிற சாறு மட்டும் போதவில்லை, எழுத்து மங்கல். கெட்டியான கடுக்காய்த் தண்ணீரில் விரலை நன்றாக ஊற வைத்துக் காய விட்டால் போதும். அப்புறம் வெறும் தண்ணீரில் தொட்டு எழுதினாலே கறுப்பு. "வணக்கம்" என்று எழுதிப் பழகுகிறாள். 'ண' மட்டும் ஒரு பக்கம் சாய்கிறது.

17 மார்ச்

பந்தல் நிறைந்த கூட்டம். எங்கள் பிள்ளைகள் உள்ளேதான், கடைசி வரிசை. செல்லம்மாள் கயிற்றுக்கு வெளியே முக்காடு போட்டு நின்றாள்.

கோவிந்தம்மாள் ஏறியதும் முன் வரிசையில் கிசுகிசுப்பு. ஒருவன் மூக்கைப் பிடித்துக் காட்டினான். அவள் நேராகத் தலைமை ஆசிரியரிடம் போய் நின்றாள். "சார், இந்தத் தண்ணில வெரல தொட்டு இந்தக் காய்தத்துல எழுதுங்க." இது பழகியபோது இல்லாதது! அவர் சிரித்துக்கொண்டே தொட்டு எழுதினார். வெறும் ஈரம். "இன்னும் அழுத்தி எழுதுங்க சார்." அழுத்தினார். ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதே கிண்ணத்தில் அவள் விரலைத் தொட்டாள். அதே காகிதத்தில் மெதுவாக எழுதினாள். எழுத எழுதக் கறுத்துக்கொண்டே வந்தது. தூக்கிக் காட்டினாள். வணக்கம் இல்லை. "கோவிந்தம்மாள்" என்று இருந்தது.

மக்பூல் சாயபு தொடையில் தட்டிச் சிரித்தார். "ஹெட்மாஸ்டர் சாப்! எழுதத் தெரிஞ்சது அந்தப் பொண்ணுக்குத்தான். நீங்க அவகிட்ட போய்ச் சேருங்க, இல்லாட்டி அவள உங்ககிட்ட சேத்துக்குங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை ஆசிரியரும் தட்ட வேண்டியதாயிற்று. நான் எத்தனை மாதம் அவர் படியேறினேன். முதலாளி ஒரு வேடிக்கை சொன்னதும் கதவு திறக்கிறது. திறக்கட்டும். ஆனால் இந்தக் கோபம் எனக்குப் போகாது.

திரும்பும்போது செல்லம்மாள் பின்னால் வந்துகொண்டே, "ஜூன் மாசம்னா இன்னா தேதிப்பா?" என்றாள்.

11 ஜூன்

சேர்த்தாகிவிட்டது. பெஞ்சியில் இடம் தரவில்லை. சுவரோரம் தனியாக ஒரு மணைப்பலகை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நிசார் தினமும் தலைமை ஆசிரியரோடு சண்டை போடுகிறான்.

22 ஜூன்

வெள்ளிக்கிழமை வகுப்பு. கொட்டகைக்குப் போனால் வெளியே பளபளக்கிற செருப்புகள். உள்ளே டவுன் பையன்கள், மக்பூல் சாயபுவின் பேரன் ரஃபி அகமது உட்பட. வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிறார்கள். கோவிந்தம்மாளின் விரல் மாதிரி எழுதும் விரல் வேண்டுமாம். முந்தின நாளே பட்டைக் குழி என்று நினைத்துக் குழிக்குப் போயிருக்கிறார்கள், அதுவும் சுண்ணாம்புக் குழிக்கு! கை வெந்திருக்கும். அவள்தான் விரட்டிப் பிடித்து, இன்றைக்குக் கொட்டகைக்கு அழைத்து வந்திருக்கிறாள். பார்த்த பிள்ளை மறுநாள் என்ன செய்யும் என்று இந்த வித்தைக்கு மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

ஒரு மண் தொட்டியில் கடுக்காய்த் தண்ணீர். சுற்றி உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கி விட்டுக்கொண்டு எல்லோரும் கையை ஊற வைத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் இடையிடையே உட்கார்ந்து அவர்கள் விரலைப் பிடித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோவிந்தம்மாள் சிலேட்டோடு பக்கத்தில்.

ரஃபி கையை எடுத்துப் பார்த்தான். "ஊறிடுச்சா? உன் கை மாதிரி ஆயிடுச்சா?"

அவள் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரு நாள்ல வராது. நீ பாட்டுக்கு ஊற வை."