காய்ச்சல் விட்ட பிறகு

செல்லூர்
12.5.2021

பவதாரிணி அப்பாவுக்கு,

முத்துமீனா எழுதுறது. போன்ல பேசினா சண்டையிலதான் முடியுது, பிள்ளை பக்கத்துல நின்னு அழுகுறா. அதான் கடிதம்.

பத்து நாள் உங்ககூட இருக்கட்டும்னு அனுப்பினேன். ஊரடங்கு அங்கேயே நிறுத்திருச்சு. உடம்பு சுடுதுன்னு நேத்து அவளே சொன்னா. இருமல் இல்லையேன்னு சும்மா இருந்துறாதீங்க. பிள்ளைகளுக்குக் கொரோனா வெறும் காய்ச்சலா, வாந்தியா, வயித்துப்போக்காக்கூட வருமாம். எங்க தெருவுக்கு வந்த நர்சம்மா சொன்னாங்க. சாப்பிடாம சுருண்டு படுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிட்டுப் போங்க. டெஸ்ட் எடுங்க.

முத்துமீனா


திருவாதவூர்
16.5.2021

மீனாவுக்கு,

பாப்பா நல்லாருக்கா. ரெண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் வயித்தால போச்சு. மாம்பழம் ஒத்துக்கலை போல. இப்ப ஆட்டுக்குட்டிக்குப் பின்னால ஓடிக்கிட்டிருக்கா.

டெஸ்ட் எடுக்கலை. இருக்குன்னு வந்தா வாசல்ல தகரம் அடிச்சிருவாங்க, வெண்டைக்காய் பறிக்க ஒரு ஆள் வராது. அம்புட்டுக்கும் பயந்தா முடியுமா? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ராஜபாண்டி


திருவாதவூர்
4.7.2021

அன்புள்ள மீனா,

அன்னைக்கு நீ ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னால நடந்ததை உன்கிட்ட நான் சொல்லவே இல்லை.

மறுபடியும் காய்ச்சல் வந்து மூணு நாள் விடலை. காலையில பார்த்தா கண்ணு ரெண்டும் சிவந்து, உதடு வெடிச்சு, வயிறெல்லாம் தடிப்பு. "வயிறு வலிக்குதுப்பா"ன்னா. பைக்குல முன்னால உக்காரவச்சேன். ஒத்தக்கடை தாண்டுறதுக்குள்ள தலை என் கையில சாஞ்சிருச்சு.

டாக்டரம்மா, "போன மாசம் காய்ச்சல் வந்துச்சா?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டே நாளுங்கம்மா. தானா விட்டுருச்சு."

"கொரோனா போன பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படி வரும். இருதயத்தைப் பிடிக்கும்."

டெஸ்ட் எடுத்திருந்தா வந்திருக்காதான்னு கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது. ஆனா காய்ச்சல் திரும்பின அன்னைக்கே வந்திருப்பீங்க"ன்னாங்க.

அத்தனை நாளும் ஐசியூ வாசல்ல நாம ஒரு சத்தம் போடலை. ஒரே பொட்டலத்தைப் பிரிச்சுச் சாப்பிட்டோம். என் தோள்ல சாஞ்சு நீ தூங்கின. இம்புட்டு நாளா இது எங்க போயிருந்துச்சுன்னு நினைச்சேன். வந்துரு மீனா. ரெண்டு பேரும் வந்துருங்க.

உன் ராஜபாண்டி


செல்லூர்
9.7.2021

பவதாரிணி அப்பாவுக்கு,

பிள்ளை மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறா. மாடிப்படி மட்டும் நின்னு நின்னு ஏறுறா. அடுத்த மாசம் மறுபடி இருதய ஸ்கேன்.

உங்க மேல கோபம் இருக்கான்னு யோசிச்சுப் பார்த்தேன். இல்லை. பிழைச்சிருச்சுன்னு டாக்டரம்மா சொன்னப்ப நீங்க தேம்பித் தேம்பி அழுதீங்க. எனக்கு அழுகையும் வரலை, சந்தோஷமும் வரலை. இன்னும் வரலை. தறிக்குப் போறேன், வாரேன், சோறாக்குறேன்.

அந்த வாசல்ல நாம சண்டை போடலைதான். அதைச் சமாதானம்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை, அவ்வளவுதான். பக்கத்துல யார் உக்காந்திருந்தாலும் அந்தத் தோள்ல தூங்கியிருப்பேன்.

நான் வரலை.

ஸ்கேன் அன்னைக்கு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. அவ உங்களைக் கேக்குறா.

பவதாரிணி அம்மா